பொக்ரானில் அவர்கள், கார்கிலில் நாம்

தேசியப் பாதுகாப்பு மன்றச் செயலகத்திலும், வெளிநாட்டு உளவு அமைப்பான ரா, உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி., ராணுவ உளவுப் பிரிவு ஆகியவற்றிலும் மதிப்பீட்டு அறிக்கை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் உங்கள் வேலையின் விதி. நான் ஒரு தமிழ் நாளிதழில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சப் எடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மேஜைக்கு ரகசியம் எதுவும் வந்ததில்லை, ஏஜென்சி செய்திகள்தான் வந்தன. ஆனாலும் உங்கள் வேலைக்கும் என் வேலைக்கும் ஒரு பொருத்தம் உண்டு. நூறு துண்டுத் தகவல் வரும். எது பெரிசு, எது சிறிசு என்று அன்று இரவுக்குள் யாராவது முடிவு செய்தாக வேண்டும். தகவலை முழுசாகப் படிப்பதற்கு முன்பே அந்த முடிவு பாதி எடுக்கப்பட்டிருக்கும். இந்தப் பாதி முடிவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1999 மே மாதம் கார்கில் பக்கம் ஊடுருவல் என்று முதல் செய்தி வந்தபோது அதை ஏழாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக வைத்தவன் நான். கோடை தொடங்கினால் காஷ்மீரில் பனி உருகும், ஆட்கள் வருவார்கள், துப்பாக்கிச் சண்டை நடக்கும். பத்து வருடமாக அதே செய்தி. தலைப்பை அச்சுக் கோத்தே வைத்துவிடலாம், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று டெஸ்க்கில் சொல்லிச் சிரிப்போம். அடுத்தடுத்த நாள் வந்த செய்திகளையும் அந்தத் தலைப்புக்குள்ளேயே அடக்கினேன். மே 26-ம் தேதி விமானப்படை குண்டு வீச ஆரம்பித்த பிறகுதான், இத்தனை நாளும் நான் செய்தியைப் படிக்கவில்லை, என் தலைப்பைத்தான் படித்துக்கொண்டிருந்தேன் என்று உறைத்தது. ராணுவமும் ஆரம்பத்தில் அவர்களைத் தீவிரவாதிகள் என்றுதான் எடுத்துக்கொண்டது என்பதில் எனக்கு ஆறுதல் இல்லை. மேலே உட்கார்ந்திருந்தவர்கள் பாகிஸ்தானின் வடக்கு இலகு காலாட்படைச் சிப்பாய்கள்.

சரி, அதற்கு ஒரு வருடம் முன்னால் போவோம். நான் சொல்ல வந்தது அங்கேதான் தொடங்குகிறது.

1995 டிசம்பரில் பொக்ரானில் அணுகுண்டு சோதனைக்கான ஏற்பாடுகளை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் கண்டுபிடித்தன. அமெரிக்கத் தூதர் பிராங்க் வைஸ்னர் டெல்லியில் அதைச் சொல்லி எச்சரிக்க, நரசிம்மராவ் அரசு பின்வாங்கியது. அந்த அவமானத்திலிருந்து நம்மவர்கள் நன்றாகப் பாடம் கற்றார்கள். 1998-ல் 58-வது பொறியாளர் படைப்பிரிவு குழிகளைத் தயார் செய்தது பெரும்பாலும் இரவில். பொழுது விடிவதற்குள் வண்டிகளும் கருவிகளும் முந்தின நாள் எங்கே நின்றனவோ அங்கேயே போய் நின்றுவிடும். அப்துல் கலாம் ராணுவச் சீருடையில் ‘மேஜர் ஜெனரல் பிருதிவிராஜ்’ ஆனார். அணுசக்தி ஆணையத் தலைவர் ஆர். சிதம்பரம் ‘நட்ராஜ்’. சோதனைக் குழிகளுக்கு வெள்ளை மாளிகை, தாஜ்மஹால், கும்பகர்ணன் என்று பெயர். மே 11-ம் தேதி பிற்பகல் 3.45-க்கு மூன்று, 13-ம் தேதி இரண்டு. வாஷிங்டனுக்கு விஷயம் தெரிந்தது குண்டு வெடித்த பிறகு. ராமேஸ்வரத்துக்காரரும் சென்னையில் பிறந்தவரும் சேர்ந்து சி.ஐ.ஏ.வின் கண்ணில் மண்ணைத் தூவினார்கள் என்று அன்று நாங்கள் போட்ட தலைப்பை இன்னும் கொஞ்சம் பெருமையோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் அமெரிக்கர்கள் தங்களைத் தாங்களே விசாரித்தபோது அவர்களுக்குக் கிடைத்த விடை நம் சாமர்த்தியத்தை மட்டும் புகழவில்லை. சி.ஐ.ஏ. இயக்குநர் ஜார்ஜ் டெனட், ஓய்வு பெற்ற அட்மிரல் டேவிட் ஜெரமையாவிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். 1998 ஜூன் தொடக்கத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: “எல்லோரும் நம்மைப் போலவே யோசிப்பார்கள் என்று நம் ஆட்கள் நினைத்துவிட்டார்கள்.” அமெரிக்காவில் தேர்தலுக்கு முன் சொல்வது ஒன்று, பதவிக்கு வந்தபின் செய்வது வேறொன்று; இந்தியாவிலும் அப்படித்தான் என்று எண்ணினார்கள். பொருளாதாரத் தடை வரும், அதற்குப் பயந்து இந்தியா ஒதுங்கிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். அணு ஆயுதத்தைக் கைக்கொள்வோம் என்று பாரதிய ஜனதா கட்சியின் தேர்தல் அறிக்கையிலேயே அச்சடித்திருந்தது. நாம் ஒளித்தது குழிகளைத்தான், எண்ணத்தை யாரும் ஒளிக்கவில்லை. சோதனைக்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரலில், அமெரிக்காவின் ஐ.நா. தூதர் பில் ரிச்சர்ட்சன் டெல்லிக்கே வந்து பேசிவிட்டு நிம்மதியாகத் திரும்பினார்.

இதை நாம் ரசித்துப் படித்தோம். சரியாக ஒரு வருடம் கழித்து, அதே மே மாதம், அதே தவறை நாம் செய்தோம்.

1999 மே 3-ம் தேதி பதாலிக் பக்கம் கார்கோன் கிராமத்து மேய்ப்பர் தாஷி நம்கியால் காணாமல்போன தன் யாக்கைத் தேடிக்கொண்டு பைனாகுலரோடு மலைமேல் ஏறினார். அங்கே ஆட்கள் தெரிந்தார்கள், ராணுவத்திடம் வந்து சொன்னார். முஷ்கோ, திராஸ், பதாலிக், துர்துக் என்று வரிசையாக உயரங்கள் எதிராளியின் கையில் இருந்தன. அவற்றை மீட்க, அரசுக் கணக்கின்படி, 527 வீரர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

ஜூலை 29-ல் அரசு ஒரு மறு ஆய்வுக் குழுவை அமைத்தது. தலைவர் கே. சுப்பிரமணியம். எங்கள் திருச்சியில் பிறந்தவர், எல்லா உளவு அமைப்புகளின் தகவலையும் சேர்த்து மதிப்பிடும் கூட்டு உளவுக் குழுவுக்கே ஒரு காலத்தில் தலைவராக இருந்தவர். அவருடைய அறிக்கையை அதிகாரிகளாகிய நீங்கள் பயிற்சிக் காலத்தில் படித்திருப்பீர்கள். நான் பணி ஓய்வுக்குப் பிறகு, பேரனைப் பள்ளியில் விட்டு வந்த காலை வேளைகளில் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். அதில் மூன்று இடங்களில் கோடு போட்டேன்.

முதல் கோடு. 1998 ஜூன் 2-ம் தேதி ஐ.பி. இயக்குநர், கார்கிலுக்கு எதிர்ப்புறம் பாகிஸ்தான் பகுதியில் நடக்கும் சில நடவடிக்கைகளைப் பற்றித் தானே கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பினார். பிரதமர், உள்துறை அமைச்சர், அமைச்சரவைச் செயலாளர், உள்துறைச் செயலாளர், ராணுவச் செயல்பாடுகள் தலைமை இயக்குநர் ஆகியோருக்கு அது போனது. ராவின் தலைவருக்கும் கூட்டு உளவுக் குழுத் தலைவருக்கும் ராணுவ உளவுப் பிரிவின் தலைமை இயக்குநருக்கும் போகவில்லை. மேலே அனுப்பினால் வழக்கமான வழியில் கீழே இறங்கிவிடும் என்று எதிர்பார்த்ததாக அவர் விளக்கம் சொன்னார். எந்த அரசு அலுவலகத்திலும் நடக்கக்கூடியதுதான் இது. இதற்கு மனோதத்துவம் தேவையில்லை, ஒரு நல்ல தபால் பதிவேடு போதும். மேலே போவோம்.

இரண்டாவது கோடு. 1998 செப்டம்பரோடு முடிந்த அரையாண்டுக்கான ராவின் மதிப்பீட்டில், அளவான, வேகமான ஒரு தாக்குதல் வரலாம் என்கிற ஆபத்து குறிப்பிடப்பட்டிருந்தது. அடுத்த அரையாண்டு, அதாவது 1999 மார்ச்சோடு முடிந்த மதிப்பீட்டில் அந்த வரி இல்லை. அதற்குப் பதிலாகப் பாகிஸ்தானின் பணமுடை முன்னால் வந்து நின்றது. இந்த நிதி நிலைமையில் அவர்கள் போர் தொடுப்பது அறிவுக்குப் பொருந்தாது என்பது வாதம். நடுவில் பிப்ரவரியில் வாஜ்பாய் லாகூருக்குப் பஸ்ஸில் போய் வந்திருந்தார். அந்தப் பயணத்துக்கும் காணாமல்போன வரிக்கும் தொடர்பு உண்டா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. நான் சொல்லவும் இல்லை. ஆனால் டெஸ்க்கில் உட்கார்ந்தவன் என்கிற முறையில் ஒன்று தெரியும்: ஊரே சமாதானம் பேசும் வாரத்தில் சண்டைச் செய்தி கையில் கொஞ்சம் லேசாக இருக்கும்.

மூன்றாவது கோட்டை அழுத்திப் போட்டேன். குழு விசாரித்த முன்னாள் ராணுவத் தளபதிகளும் செயல்பாடுகள் தலைமை இயக்குநர்களும் ஏறக்குறைய ஒரே குரலில் சொன்னார்களாம்: பின்னாலிருந்து சோறும் குண்டும் கொண்டுவர வசதியில்லாத அந்த மலையில் இவ்வளவு பெரிய ஊடுருவலைத் தாக்குப்பிடிக்கவே முடியாது, ராணுவக் கண்ணோட்டத்தில் அது அறிவுக்கு ஒவ்வாத காரியம் என்று. இதைச் சொன்னது போர் நடந்து முடிந்த பிறகு.

அவர்கள் சொன்னது சரி, வேடிக்கையே அதுதான். பாகிஸ்தானால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஜூலையில் இறங்கிப் போனார்கள். அது முட்டாள்தனம் என்று நம்மவர்கள் போட்ட கணக்கில் பிழையே கிடையாது. முட்டாள்தனமான காரியத்தை எதிராளி செய்யமாட்டான் என்று அதற்குப் பக்கத்தில் ஒரு வரியை எழுதாமலே சேர்த்துக்கொண்டார்களே, அங்கேதான் சறுக்கல். உங்கள் துறையில் இதைக் கண்ணாடிப் பிம்பம் என்கிறீர்கள். எதிராளியின் நாற்காலியில் நம்மை உட்காரவைத்து, நான் என்ன செய்வேன் என்று கேட்டு, வந்த பதிலை அவன் பெயரில் எழுதுவது.

அந்தக் கண்ணாடியைக்கூட நாம் முழுசாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். பனி மலையில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், உயரங்களை முந்திப் போய்ப் பிடித்து உட்காருவது சாத்தியம் என்று காட்டியவர்கள் யார்? நாம்தான். 1984 ஏப்ரல் 13-ம் தேதி சியாச்சினில், சால்டோரோ மலைத்தொடரில். அங்கே படையை வருடம் முழுக்க வைத்திருப்பது அறிவுள்ள காரியமா என்று பாகிஸ்தான்காரர் ஒருவர் 1983-ல் கணக்குப் போட்டிருந்தால், இல்லை என்றுதான் விடை வந்திருக்கும். நாற்பது வருடமாக வைத்திருக்கிறோம். கார்கில் திட்டத்தின் நோக்கமே ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலையைக் குறிபார்த்து சியாச்சினுக்குப் போகும் சரக்கை அறுப்பதுதான். பதினைந்து வருடக் கறுவலை மனசில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவனுக்குப் பணமுடை ஒரு பெரிய எண்ணாகத் தெரியாது.

அந்தப் பக்கத்துக்காரர்களும் சும்மா இல்லை. அப்போதைய பாகிஸ்தான் ராணுவத் தளபதி முஷாரஃபும் அவரோடு சேர்ந்து திட்டம் போட்ட ஒரு சில ஜெனரல்களும் தங்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அணுகுண்டு இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆகவே இந்தியா முணுமுணுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும் என்று நினைத்தார்கள். விமானப்படை வரும், போஃபர்ஸ் பீரங்கி வரும், சிப்பாய்கள் செங்குத்துப் பாறையில் இரவில் ஏறி வருவார்கள் என்று அவர்கள் எண்ணவில்லை. ஆக ஒரே வருடத்தில் மூன்று தலைநகரங்கள் ஒரே மாதிரி ஏமாந்தன.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இப்படியொரு பெரிய ஊடுருவல் வரும் என்று முன்கூட்டியே தெளிவாகக் கணித்த ஒரு அமைப்பையோ ஆளையோ தாங்கள் பார்க்கவில்லை என்று சுப்பிரமணியம் குழு எழுதியிருக்கிறது. போருக்குப் பிறகு “நான் அப்போதே சொன்னேன்” என்று கிளம்பியவர்கள் ஏராளம். நடந்து முடிந்த பிறகு பார்த்தால் ஒவ்வொரு துண்டும் மின்னும். 1998 கோடையில் கார்கில் நகரத்தின்மேல் விழுந்த பீரங்கிக் குண்டுகள் இப்போது அறிகுறியாகத் தெரிகின்றன. அன்றைக்கு அவை வழக்கமான எல்லைச் சண்டைக்கும் பொருந்தின, ஊடுருவலுக்கு மறைப்புக் கொடுப்பதற்கும் பொருந்தின, படையெடுப்புக்கான தயாரிப்புக்கும் பொருந்தின. எல்லாக் கதைக்கும் பொருந்துகிற தகவல் எந்தக் கதையையும் நிரூபிக்காது. ஆனால் மனசில் ஏற்கெனவே ஒரு கதை இருந்தால் அதற்குச் சாட்சியாகத்தான் அதைக் கணக்கில் வைப்போம். என் ஏழாம் பக்கம் அப்படித்தான் நிரம்பியது.

எந்தத் தகவல் என் கதையைப் பொய்யாக்கும் என்று தேடுவதுதான் மருந்து என்கிறார்கள். கார்கிலில் அப்படிப்பட்ட தகவல் ஒன்று இருந்தது: எதிர்ப்புறம் எந்தெந்த பட்டாலியன்கள் புதிதாக வந்தன, எவை போயின. 1998-ல் அந்த விவரம் சரியாகக் கிடைக்காததைத்தான் குழு மிக முக்கியமான உளவுத் தோல்வி என்று சொன்னது. கதையில் நம்பிக்கை இருந்தபோது அதைப் பொய்யாக்கக்கூடிய விவரத்தைத் தேடி யார் பனியில் ஆள் அனுப்புவார்கள்?

இனி, உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

பொதுவாக இந்தப் பேச்சு வந்தால் “எதிர்வாதம் செய்ய ஒரு பிரிவு வையுங்கள்” என்று யோசனை சொல்வார்கள். அதை நான் கேட்கப்போவதில்லை. காரணம் இஸ்ரேல். 1973-ல் அவர்களுடைய ராணுவ உளவுத் தலைவர் எலி ஸெய்ரா ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். இஸ்ரேலின் விமானத் தளங்களைத் தாக்கக்கூடிய நெடுந்தூர விமானங்கள் கிடைக்கும்வரை எகிப்து போருக்கு வராது, எகிப்து இல்லாமல் சிரியா வராது என்பது அது. தெற்குக் கட்டளையில் இருந்த பெஞ்சமின் சிமான்-தோவ் என்கிற இளம் லெப்டினன்ட், எகிப்தின் ராணுவப் பயிற்சி போருக்கான மறைப்பாக இருக்கலாம் என்று அக்டோபர் 1-ம் தேதியும் 3-ம் தேதியும் எழுதிக் கொடுத்தார். அவருடைய மேலதிகாரி அதை மேலே அனுப்பவில்லை. 6-ம் தேதி போர் வந்தது. அந்தச் சறுக்கலை ஆராய்ந்த அக்ரனாட் விசாரணைக் குழுவுக்குப் பிறகு, ஒத்துக்கொண்ட கருத்துக்கு எதிராக வாதாடுவதற்கென்றே ஒரு சிறு பிரிவை அமைத்தார்கள். உலகமே அதைப் பாராட்டியது. அந்தப் பிரிவு இருக்கும்போதேதான் 2023 அக்டோபர் 7 நடந்தது. ஹமாஸின் தாக்குதல் திட்டமே முன்கூட்டிக் கையில் கிடைத்திருந்தும், இது அவர்களால் ஆகாத காரியம் என்று ஒதுக்கப்பட்டது.

ஏன் என்று எனக்குப் புரிகிறது. எங்கள் டெஸ்க்கிலும் ஒருவர் இருந்தார். எல்லாவற்றையும் மறுப்பார். முதல் மாதம் கவனித்தோம். அப்புறம், “அவர் அப்படித்தான் சொல்வார்” என்று டீ குடிக்கப் போய்விடுவோம். மறுப்பதற்கே சம்பளம் வாங்குகிறவரின் மறுப்புக்கு எடை குறைந்துவிடுகிறது. எடை இருப்பது சிமான்-தோவ் மாதிரி, யாரும் கேட்காமலே மறுத்து எழுதுகிற லெப்டினன்டின் தாளுக்குத்தான். ஆகவே அந்தத் தாள் எங்கே போகிறது என்று பாருங்கள். அறிக்கை மேலே போகும்போது அதே கோப்பில், அதே உறைக்குள், எழுதியவரின் பெயரோடு அது போகட்டும். ஒதுக்குகிறவர் ஏன் ஒதுக்கினார் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நாலு வரி எழுத வேண்டும் என்றால் பாதிப்பேர் ஒதுக்குவதற்கு முன் இன்னொரு முறை படிப்பார்கள்.

அடுத்தது உங்கள் மொழி. “மறுப்பதற்கில்லை”, “வாய்ப்பு உள்ளது”, “கணிசமான சாத்தியம்” என்றெல்லாம் எழுதுகிறீர்கள். 1951-ல் சோவியத் அணி யூகோஸ்லாவியாவைத் தாக்குமா என்பது பற்றி சி.ஐ.ஏ. எழுதிய மதிப்பீட்டில் இப்படி ஒரு சொல் இருந்தது. அதில் பங்குகொண்ட ஷெர்மன் கென்ட், அதற்கு நூற்றுக்கு 65 என்று தன் மனசில் அர்த்தம் வைத்திருந்தார். உடன் எழுதியவர்களை விசாரித்தால், ஒருவர் மனசில் 20, இன்னொருவர் மனசில் 80. ஒரே வாக்கியத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நம் சென்னை வானிலை மையத்தை எவ்வளவு கிண்டல் செய்கிறோம்! ஆனால் “ஓரிரு இடங்களில்” என்று அவர்கள் சொன்னால், மழை அளக்கும் நிலையங்களில் நூற்றுக்கு 25-க்கு மேல் போகாது என்று அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். மற்ற சொற்றொடர்களுக்கும் அளவு உண்டு. அது இடப்பரப்பின் கணக்கு, உங்களுடையது வாய்ப்பின் கணக்கு, வித்தியாசம் தெரியும். என்றாலும் மறுநாள் காலையில் அவர்கள் சொன்னது சரியா தப்பா என்று பார்த்துவிட முடிகிறது. “மறுப்பதற்கில்லை” என்று எழுதியவரை யார், எப்படிச் சரிபார்ப்பது? எண் போடுங்கள். கூடவே, எது நடந்தால் இந்த மதிப்பீடு தவறு என்று ஒப்புக்கொள்வேன் என்பதை முன்கூட்டியே இரண்டு வரி எழுதி வையுங்கள்.

கடைசியாகக் கேட்பது உங்களால் மட்டும் ஆகாதது, உங்கள் மேலிடத்துக்குமானது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-ம் பிரிவு ராவுக்கும் ஐ.பி.க்கும் ஏறக்குறைய முழு விலக்குக் கொடுத்திருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் புகார் என்றால் மட்டும் கேட்கலாம். இன்றைய தகவல்களைக் கேட்கும் முட்டாள் நான் இல்லை. ஆட்களின் பெயர், வழிமுறை எல்லாம் மூடியே இருக்கட்டும். ஆனால் 25 ஆண்டு கடந்த ஆவணங்களை ஆய்வு செய்ய வேண்டும் என்று பொது ஆவண விதிகள் இருக்கின்றன. கார்கிலுக்கு 2024-லேயே 25 வருடம் முடிந்துவிட்டது. 1962 சீனப் போரைப் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையையே அரசு இன்னும் அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. முன்னணி நிலைகள் அமைத்தால் சீனா பலத்தைப் பயன்படுத்தாது என்று அன்று எப்படி முடிவுக்கு வந்தார்கள் என்பதை நாம் வெளிநாட்டுக்காரர் கசியவிட்ட பக்கங்களிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. பொக்ரானில் ஏமாந்த அமெரிக்கா, மூன்றே வாரத்தில் அட்மிரலை மேடையேற்றி, நம் மூளை இந்த இடத்தில் சறுக்கியது என்று பத்திரிகையாளர்களுக்கு முன்னால் சொல்ல வைத்தது. அதற்குப் பிறகும், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று நம்பிச் சறுக்கினார்கள், அது வேறு விஷயம். அந்தச் சறுக்கலையும் பக்கம் பக்கமாக அச்சடித்து வெளியிட்டார்கள்.

எனக்கு வேண்டியது பெரிய மூட்டை இல்லை. 1998 செப்டம்பரோடு முடிந்த அரையாண்டு மதிப்பீடு ஒன்று, 1999 மார்ச்சோடு முடிந்தது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் அந்த வரியை எடுத்த கோப்புக் குறிப்பு. கறுப்பு மை பூச வேண்டியதைப் பூசிவிட்டுக் கொடுங்கள். அந்த வரியை எடுத்தவரைத் தூக்கில் போடுவதற்காகக் கேட்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என்ன காரணம் எழுதினார் என்று படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் பக்கத்து ஆவணம் தயாராக இருக்கிறது. அந்த ஏழாம் பக்கத்து ஒற்றைப் பத்தியை வெட்டி, தேதி போட்டு, ஓரத்தில் என் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் நகல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சப் எடிட்டர் ஒருவன்,
திருச்சி